சோதனைப் பக்கம்

போன ஆகஸ்டில் எல்லா அச்சுப்பொறிகளுக்கும் பெயர் மாற்றினேன்.
அதற்கு முன் அவை
மூன்று-வடக்கு-பழசு,
மூன்று-வடக்கு-புதுசு,
மூன்று-வடக்கு-தொடாதே.
இப்போது அக்குரேய்ரிக்கு வடக்கே கிடக்கும் தீவுகள்:
தரைத்தளத்தில் ஹ்ரீசே,
நாலாம் மாடியில் கிரிம்சே.
கிரிம்சே நிஜத்திலும் தொலைவுதான்,
படகு போய்விட்டால் போனதுதான்.

ஒரே வரிசை. அதுதான் புதிய ஏற்பாடு.
எந்த அறையிலிருந்து அனுப்பினாலும்
வேலை சர்வரில் போய் உட்கார்ந்திருக்கும்;
எந்தப் பொறியின் முன் நின்று அட்டையைக் காட்டுகிறோமோ
அங்கே இறங்கும்.
கூட்டத்தில் இதை நான்கு முறை சொன்னேன்.
சட்டத்துறை சோல்வேக் ஐந்தாவது முறையும் கேட்டார்:
அப்படியானால் என் காகிதம் இப்போது எங்கே இருக்கிறது?
எங்கும் இல்லை என்றேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

எனக்குத் தெரிவதெல்லாம் கோப்பின் பெயர்.
'முடிவானது', 'முடிவானது இரண்டு', 'சத்தியமாக முடிவானது'.
'வாடகை பற்றிப் புகார்'.
'அம்மாவுக்கு': நாற்பது பக்கம், இருபுறமும்.
பந்திக்கு முந்தியவர் முந்தியவரே,
துறைத்தலைவருக்கென்று தனி இலை கிடையாது.
இருபத்துநாலு மணி நேரம் யாரும் வராவிட்டால்
தானாக அழியும்.

எல்லாருக்கும் ஒரே வரிசைதான்.
நிற்பதற்கு மட்டும் ஒரு கணக்கு வேண்டும்.

வியோலெட்டா இரவு ஒன்பதுக்கு வருவாள்,
துப்புரவு ஒப்பந்தக்காரரின் ஆள்.
எல்லாக் கதவுகளுக்கும் அவளிடம் அட்டை உண்டு,
அச்சுக்கு இல்லை.
ஸ்கேனில் கோடு விழுந்தால்
அவள் விடுப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஜூன். இரவு பதினொன்றுக்கும் ஜன்னலில் வெயில்.
டோனர் மாற்றிக் கை கறுத்து நின்ற என்னிடம்
கைபேசியை நீட்டினாள்.
மூன்று பக்கம். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பம்.
கையெழுத்திட்ட தாள்தான் வேண்டுமாம், நாளைக்குள்.
கோடையில் நூலகம் நாலுக்கே மூடிவிடுகிறது.
காசு தருகிறேன் என்று சட்டைப்பையைத் தொட்டாள்.

என் அட்டையில் அனுப்பலாம்.
மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்து உன்னுர் கேட்பார்:
எங்களை விட்டுவிட்டு ஊசி போடப் போகிறாயா?
விருந்தினர் கணக்கு திறக்கலாம்.
அதற்கு மூன்று வேலைநாள், ஒரு படிவம்,
அந்தப் படிவத்தையும் அச்சிட வேண்டும்.

சோதனைப் பக்கத்துக்குக் கணக்கில்லை.
யார் பங்கிலிருந்தும் கழியாது.
கறுப்பு, நீலம், கட்டங்கள், அகரவரிசை
இருந்த கோப்பை எடுத்துவிட்டு
அவளுடைய மூன்று பக்கத்தை அங்கே வைத்தேன்.
பொத்தானை அழுத்தினேன்.

ஹ்ரீசே முனகியது, இழுத்தது, துப்பியது.
ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு
சூடு ஆறாத தாளை வாங்கிக்கொண்டாள்.
பதிவேட்டில்: சோதனைப் பக்கம். வெற்றி.

பழைய கோப்பைத் திரும்ப வைக்க மறந்துபோனேன்.
மறுநாள் காலை கிரிம்சேயைச் சோதித்த ஹ்யால்டி
மூன்று தாளோடு இறங்கி வந்தான்.
படித்திருக்கிறான், முகத்தில் தெரிந்தது.
"எழுத்து தெளிவாக விழுகிறது" என்று மட்டும் சொல்லி
தாள் அரைக்கும் பெட்டியில் ஒவ்வொன்றாகக் கொடுத்தான்.
அன்றைக்கு முழுக்க எனக்குக் காது சுட்டது.

செப்டம்பர். எதிர்க்கரை மலையில் முதல் பனி.
வரிசையில் ஒரு புதிய பெயர்:
வியோலெட்டா, 'உடற்கூறு ஒன்று',
ஒரு பக்கம் போதுமான இடத்தில் அறுபது,
இரட்டை அளவுத் தாள், முழு வண்ணம்.
கிரிம்சேயில்.
பின்னாலேயே சிவப்பு எச்சரிக்கை:
தாள் சிக்கியது, இரண்டாம் தட்டு.

இங்கிருந்தே நிறுத்தியிருக்கலாம், ஒரு சொடுக்கு.
லிஃப்ட் பழுது. படியேறினேன்.

பாதி விழுங்கிய விலா எலும்புகளோடு பொறி,
பக்கத்தில் அவள், கையில் மாணவர் அட்டை.
"நான் ஒன்றுமே தொடவில்லை" என்றாள்,
எல்லாரும் சொல்வதைப் போலவே.